பழுப்பு உறையில் வந்த சம்பளம்: நவம்பர் 16 விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் வந்திறங்கிய நாளுக்காக ஆண்டுதோறும் நவம்பர் 16 விழா எடுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் பின்கட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவள். உங்களில் பலர் என்னை அக்கா என்றும் டீச்சர் என்றும் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருட விழாவில் ஒரு பெரியவர் பேசினார். அந்த முதல் கூலிகளைக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்தார். 1860, மதராஸிலிருந்து 342 பேர், கரும்புத் தோட்டம், கூலிகளை மேய்த்த சர்தாரின் அடி, எல்லாம் சொன்னார். கேட்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிட்டார். "வெறுங்கையோட வந்தவங்க நாம. உழைப்பாலயும் பண்பாட்டாலயும் டாக்டர், வக்கீல்னு ஆனோம். இன்னிக்குப் பசங்க கிராண்ட் பணத்துக்கு வரிசையில நிக்கிறாங்க" என்றார். அரசாங்கம் தரும் உதவிப் பணத்தைத்தான் கிராண்ட் என்கிறோம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் என் பழைய மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடமாக வேலை தேடி அலைகிறவன். கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து வெளியே போனான். திரும்பி வரவில்லை.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் மேடைகளில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் கப்பலுக்கும் டாக்டருக்கும் நடுவில் நூறு வருடம் இருக்கிறது. அதை நாம் விழுங்கிவிடுகிறோம்.

உழைப்பு மட்டும் போதும் என்றால் முதல் தலைமுறையே பணக்காரர்களாகியிருக்க வேண்டும். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரைவிடவா நாம் உழைத்துவிட்டோம்? 1866-ல் நின்ற ஆள்சேர்ப்பு 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் கேழ்வரகுக்குக்கூட வழியில்லாதவர்கள் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இங்கே வந்ததும் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி, ரேஷனும் பாதி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே தங்க நினைத்தால் 1895 சட்டப்படி தலைக்கு வருடம் 3 பவுண்டு வரி. 10 ஷில்லிங் கூலிக்காரனுக்கு அது ஆறு மாதச் சம்பளம்! இப்படிப்பட்ட இடத்தில் முதுகு ஒடிய உழைத்தாலும் எப்படி மேலே வருவது?

அந்த வரியை எடுத்தது உழைப்பு அல்ல, போராட்டம். 1913-ல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் ஊருக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போய் நோயோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவளுக்கு வயது பதினாறுதான். அந்த வருடமே வரி ஒழிந்தது. வள்ளியம்மை பெயரை நீங்கள் மறக்காமல் சொல்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அவளோடு பெண்கள் கதையை முடித்துவிடுகிறீர்கள். என் அம்மாவின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

எங்கள் குடும்பம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தது. தகரக் கூரை வீடு, பின்னால் கீரைப் பாத்தி, மிளகாய், வாழை. தாத்தா, ஆயா, சித்தப்பா எல்லோரும் ஒரே அடுப்பு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் எங்களைக் கிளப்பி 1965-ல் சாட்ஸ்வொர்த்தில் போட்டது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு, இரண்டு அறை. சித்தப்பா குடும்பம் சாட்ஸ்வொர்த்தின் வேறு பகுதிக்குப் போயிற்று. பாத்தி போயிற்று, வாடகை வந்தது. லைட் பில் வந்தது. அப்பா டவுனுக்கு வேலைக்குப் போய்வர பஸ் காசு வேறு. அவர் சம்பளம் மாதத்தின் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. அடுத்த வருடம் அம்மா துணி ஃபேக்டரியில் சேர்ந்தார்.

தாத்தா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. நம் வீடுகளில் பெண்கள் அதற்கு முன்னும் வேலை செய்யாமல் இல்லை. கரும்பு வெட்டினார்கள், காய்கறி சுமந்து விற்றார்கள். ஆனால் கல்யாணமான மருமகள் தனியாக பஸ் ஏறிப் போய், வெள்ளிக்கிழமை தன் பெயர் எழுதிய பழுப்பு உறையோடு திரும்புவது புதிது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சோறு ஆக்கி, மதியத்துக்கு ரொட்டியும் கறியும் கட்டி வைத்துவிட்டுப் போவார். ஓவர்லாக் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்ததில் இடது தோள் இன்றைக்கும் முழுதாக உயராது. வேலை குறைந்தால் 'ஷார்ட் டைம்' என்று மூன்று நாள் சம்பளம்தான். அந்த உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து சாமி படத்தின் கீழே வைப்பார். சீட்டுக்கு, ஸ்கூல் ஃபீஸுக்கு, கடையில் லே-பை என்று தவணை கட்டி எடுத்து வைக்கச் சொன்ன சூட்கேஸுக்கு என்று பிரிப்பதும் அவர்தான். தாத்தா கடைசி காலத்தில் தன் மருந்துக் காசை மகனிடம் கேட்கவில்லை. "மருமகளே, இந்த வாரம் கொஞ்சம் இருக்குமா?" என்றுதான் கேட்டார். நம் சமூகம் மாறியதை எனக்குச் சொன்னது அந்தக் கேள்விதான்.

டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகளில் எண்பதுகளில் இந்தியப் பெண்கள் ஏராளம். உங்கள் தெருவில் இன்று டாக்டர் பலகை மாட்டியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேரின் படிப்புச் செலவு அந்த மெஷின்களிலிருந்து வந்தது என்று. அவர்கள் படித்த பள்ளிகளையும் அரசாங்கம் தானாகக் கட்டித் தரவில்லை. பாதிப் பணத்தை நாம் திரட்டினால் மீதிப் பாதியை அது தரும். அதற்காக வீடு வீடாகப் போய் வசூல் செய்தார்கள். அப்போதும் இடம் போதாமல் பிள்ளைகள் மத்தியான ஷிப்டில் படித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. 1973 ஜனவரியில் டர்பன் செங்கல் சூளையில் வேலையை நிறுத்தியவர்கள் ஜூலு இனத்துக் கறுப்பினத் தொழிலாளர்கள். வேலைநிறுத்தம் நெசவாலைகளுக்கும் பரவியது. அங்கே நம்மவர்களும் வெளியே வந்தார்கள். பல வருடம் நசுங்கிக் கிடந்த தொழிற்சங்கங்கள் அதற்குப் பிறகுதான் தலைதூக்கின. அம்மாவின் உறை கொஞ்சம் கனத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. "நாம் உழைத்தோம், மற்றவர்கள் உழைக்கவில்லை" என்ற பேச்சு மேடையில் சாதாரணமாகத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் தெருக்களில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டபோது, அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, மலிவுத் துணி வந்து குவிந்தது. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. சில, குறைந்த கூலி தேடி நியூகாசிலுக்குப் போயின. ஆம், அதே நியூகாசில். அம்மாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னார்கள், திங்கட்கிழமை வர வேண்டாமென்று. அம்மா ஏறிப் போன ஏணி என் மாணவனுக்கு இல்லை. அவனைச் சோம்பேறி என்பதற்கு முன் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

மூன்று வருடம் முன்னால் பழைய வட ஆர்க்காடு பக்கம் போனேன். கப்பல் பதிவேட்டில் இருந்த ஊரைத் தேடித்தான். (அந்தப் பதிவேட்டில் சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. இப்போது நம் பிள்ளைகள் சிலர் முதலில் தேடுவது அதைத்தான். தோட்டத்தில் கூலிகள் தங்கிய ஒரே பாரக்ஸில், ஒரே சட்டியில் கூழ் குடித்துக் கழன்ற சாதியை ஏன் திரும்பப் பூட்டிக்கொள்ள வேண்டும்? ஊர், அப்பா பெயர், வயது இருக்கின்றன, அதைப் படிக்கச் சொல்லுங்கள்.) ஊரில் எங்கள் உறவு யாரும் கிடைக்கவில்லை. ஆனால் ராணிப்பேட்டை பக்கம் காலை ஆறரைக்கு ஒரு நிறுத்தத்தில், பூ வைத்து, டிபன் பை மாட்டி, ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தேன். நம் விழாவில் பொம்மலாட்டமும் உரலும் வைத்து 'இந்தியக் கிராமம்' காட்டுகிறோமே, அந்தக் கிராமம் இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஒரு பெண் சொன்னாள்: "சம்பளம் என் அக்கவுண்ட்லதான் விழுது அக்கா, எடுக்கிறதும் நான்தான்." எனக்குப் பழுப்பு உறை ஞாபகம் வந்தது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த வருடம் விழாவில் ஒரு மணி நேரத்தை ஃபேக்டரியில் வேலை செய்த பெண்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கோயிலிலும் பத்துப் பேராவது இருப்பார்கள், வயது எழுபது, எண்பது. அவர்களைப் பேசவிட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். எழுதி எடுக்கிற வேலையை நான் ஏற்கிறேன். வேலை தேடும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் கேள்வி கேட்கட்டும். பொன்னாடைக்கு ஆகிற பணத்தில் இரண்டு பேருக்காவது ஓட்டுநர் உரிமத்துக்கோ எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கோ கட்டணம் கட்டலாம்.

அம்மா வருகிறேன் என்றிருக்கிறார். ஃபேக்டரியில் கடைசியாக வாங்கிய உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அதையும் கொண்டுவருவார். மேடைப் படி ஏற முழங்கால் விடாது. கீழேயே ஒரு நாற்காலியும் மைக்கும் வைத்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் டீச்சர்
சாட்ஸ்வொர்த்