மஸ்கட்டிலிருந்து ஒரு கடிதம்: எலுமிச்சை வத்தலும் அதில் போடும் டீயும்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி அவளுக்கென்று தனியாக ஒரு வாழ்த்து எழுதி வைத்திருக்கிறாள், இதோடு வரும். ஐயாவின் கண்புரை ஆபரேஷன் சர்க்கரை அளவால் தள்ளிப்போகிறது என்று எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம், சர்க்கரை இறங்கிய பிறகு செய்துகொள்வதுதான் நல்லது. என் பக்கம் புதிதாக ஒன்றும் இல்லை. ரூவியில் அதே வீடு, அதே குடோன் வேலை, ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் ஆள் மூலம் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் இருந்த கறுப்பு உருண்டைகள் எலுமிச்சைதான். முழுப் பழத்தை வெட்டாமல், கீறாமல், உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்து வெயிலில் வாரக்கணக்கில் காயப்போட்டால் இப்படி ஆகிவிடும். இங்கே ஓமானில் லூமி என்பார்கள், ஈராக்கியர்களுக்கு நூமி பஸ்ரா, ஈரானியர்களுக்கு லிமூ அமானி. வளைகுடாவில் இது இல்லாத அடுக்களையைப் பார்ப்பது கஷ்டம். மச்பூஸ் சோற்றில், மீன் சாலூனா என்கிற குழம்பில், ஈரானியர்கள் கீரையும் ஆட்டுக்கறியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் கோர்மே சப்ஸியில், எல்லாவற்றிலும் இரண்டு மூன்றை எடுத்து, கத்தி முனையால் துளை போட்டு, அப்படியே உள்ளே போடுகிறார்கள்.

மதினி ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கறுத்துக் கிடக்கிறது, கெட்டுப்போய்விட்டது என்று எல்லாவற்றையும் தூக்கிப்போடப் பார்த்ததாக எழுதியிருந்தாய். கெடவில்லை, அந்தக் கறுப்புதான் அதன் ருசியே. முழுப் பழமாகக் காயும்போது தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும், அத்தனை நாளும் சாற்றில் இருக்கும் சர்க்கரையும் வைட்டமின் சியும் சூட்டில் சிதைந்து பழுப்பாகி, பிறகு கறுப்பாகும். அப்போதுதான் பச்சைப் புளிப்பு போய், புளிப்புக்குள் லேசான கசப்பும், வெல்லம் காய்ச்சும்போது வருகிற மாதிரி ஒரு வாசமும் சேர்கிறது. நம் ஆச்சி வீட்டில் ஜாடியில் பல வருஷம் கிடந்து கறுத்துப்போன உப்பு நார்த்தங்காய் ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அந்தப் பக்கத்து ருசி, ஆனால் உப்பு குறைவு, வாசம் கூடுதல். பழத்தை நறுக்கிக் காயப்போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் வெறும் புளிப்போடு வெளிறி நிற்கும். எத்தனை பேர் சொன்னாலும் வெட்டிவிடாதே.

உன் தோப்புப் பழத்தில் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்யலாம், அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். லூமி போடுவது நம் நாட்டு எலுமிச்சை வகையில்தான், தோல் மெல்லிசான, சின்ன, சாறு நிறைந்த பழம். சூப்பர்மார்க்கெட்டில் வருகிற தடித்த தோல் மஞ்சள் லெமன் இதற்கு ஆகாது, தோலுக்குள் ஈரம் நின்று பூசணம் பிடித்துவிடும். புளியங்குடிக்காரனான உனக்குப் பழத்துக்குப் பஞ்சமில்லை. காலம்தான் யோசிக்க வேண்டியது. சித்திரையில் வெயில் அருமையாக இருக்கும், ஆனால் அப்போது பழம் விலை ஏறிவிடுவதால் கமிஷன் கடைக்குப் போகிற மூட்டையைப் பிரித்து மாடியில் கொட்ட உனக்கு மனசு வராது. சாரல் மாதங்களிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பழம் கிடைத்தாலும் வெயிலை நம்ப முடியாது. தை கடைசியிலும் மாசியிலும் போடு. வானம் தெளிந்திருக்கும், விலையும் அப்போது உச்சத்தில் இருக்காது. காலைப் பனி மட்டும் உண்டு, அதற்கு வழி இருக்கிறது.

முதல் தடவை ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பச்சை தெளிந்து மஞ்சள் தட்டுகிற பழமாகப் பார்த்து எடு. அடிபட்டது, முள் குத்தியது, காம்பு பிய்ந்த இடத்தில் குழி விழுந்தது எதுவும் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் பூசணம் உள்ளே போகும். தரையில் விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கிப் போடலாமே என்று தோன்றும், தோப்புக்காரனுக்கு அது இயல்பு, ஆனால் இதற்குச் சரிவராது. நன்றாகக் கழுவி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பழத்தைப் போடு. ஐந்து நிமிஷம் போதும். தோலின் பளபளப்பு போய் நிறம் மங்கி ஒரு மாதிரி காக்கி நிறத்துக்கு வரும், அப்போது வடித்துவிடு. இதற்கு மேல் விட்டால் தோல் வெடிக்கும், வெடித்த பழம் காயாது, அழுகும். இந்தக் கொதி தோலின் மேலுள்ள கிருமிகளைக் கொன்று தோலை இளக்கிவிடுகிறது, அதனால் ஈரம் வெளியே வருவது சுலபம். ஐயாவுக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறதே, அவருக்கு டீக்கென்று தனியாகப் போடுவதானால் உப்பில்லாத தண்ணீரிலேயே கொதிக்க வை. அப்படியும் செய்கிறார்கள், காயும்போது கண்காணிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

அப்புறம் காயவைப்பது. தட்டிலோ தார்ப்பாயிலோ பரப்பாதே, அடியில் காற்று போகாது. உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற அந்தக் கயிற்றுக் கட்டில் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது, அதன் மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பழங்களை ஒன்றோடொன்று உரசாமல் பரப்பு. தினமும் ஒரு தடவை புரட்டிவிடு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் உள்ளே எடுத்துவிட்டு, மறுநாள் பனி காய்ந்த பிறகு வெளியே வை. முதல் வாரம் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், தோல் மட்டும் தடித்து விறைக்கும். மூன்று நான்கு வாரம் நல்ல வெயில் கிடைத்தால் எடை இறங்கி, கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், தரையில் போட்டால் கடகடவென்று சத்தம் வரும். ஒரு கிலோ பழம் 200 கிராமுக்குக் கீழே வந்துவிடும். மேலே பழுப்பாக இருக்கும்போதே எடுத்தால் மென்மையான ருசி, நன்றாகக் கறுக்கும்வரை விட்டால் அழுத்தமான ருசி, இரண்டையும் இங்கே கடையில் தனித்தனியாகவே வைத்து விற்கிறார்கள். டீக்குப் பழுப்பு நிறத்ததுதான் எனக்குப் பிடிக்கும். குழம்புக்குக் கறுத்தது. காய்ந்ததில் ஒன்றை உடைத்துப் பார், உள்ளே பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் சில நாள் விடு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரிப் படர்ந்திருந்தால் துடைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, அந்தப் பழத்தை எறிந்துவிடு, பக்கத்தில் இருந்தவற்றையும் உடைத்துப் பார். நன்றாகக் காய்ந்ததைக் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்தால் வருஷம் தாண்டியும் இருக்கும்.

இப்போது டீ. டீ என்கிறோமே தவிர இதில் தேயிலை கிடையாது. எனக்கு இதைப் பழக்கியவர் குடோனில் கூட வேலை பார்த்த ஒரு பஸ்ராக்காரர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன இஸ்திகான் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார். வயிறு கனமாக இருந்தால் ஈராக்கில் முதலில் கேட்பது இதைத்தான் என்பார். மூன்று டம்ளர் தண்ணீருக்கு இரண்டு வத்தல் எடுத்துக்கொள். அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, விதைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடு. இந்த வேலையில் சோம்பல் வேண்டாம், விதை கொதித்தால் வருகிற கசப்பை எத்தனை சர்க்கரையாலும் மறைக்க முடியாது. தோலையும் உள்ளே இருக்கிற கறுத்த சதையையும் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து ஐந்து நிமிஷம் வைத்து, இறக்கி, மூடி, இன்னும் ஐந்து நிமிஷம் விட்டு வடிகட்டு. அதிக நேரம் கொதிக்க விட்டால் தோலும் கசக்கத் தொடங்கும். நிறம் வெளிர் பழுப்பிலிருந்து செம்பழுப்பு வரை வரும். சர்க்கரை போடலாம், ஆனால் நம் ஊர் பனங்கற்கண்டு போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். கருப்பட்டி வேண்டாம், அதன் வாசம் இதை அமுக்கிவிடும். ஒரு ஏலக்காய் தட்டிப் போடலாம், இஞ்சி வேண்டாம். பால் ஊற்றினால் திரிந்துவிடும். வெறும் வயிற்றில் குடிக்காதே, உனக்குப் புளியேப்பத் தொந்தரவு உண்டு. மருந்து என்று நினைத்தும் குடிக்க வேண்டாம், கொதியிலும் வெயிலிலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடுகிறது. நல்ல ருசி, சாப்பாட்டுக்குப் பிறகு இதமாக இருக்கும், அதற்காகக் குடித்தால் போதும்.

கன்று விஷயம். ஓமான் எலுமிச்சைக் கன்று ஒன்று வரும்போது கொண்டு வா என்று எழுதியிருக்கிறாய். மாப்ளே, நீ எது கேட்டாலும் கொண்டு வருவேன், இதை மட்டும் கேட்காதே. இங்கே வடக்கே பாத்தினா கடற்கரை நெடுக ஒரு காலத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள் அப்படி இருந்திருக்கின்றன, லூமி மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஈராக்கும் ஈரானும் போயிருக்கிறது, ஈரானியர்கள் அதற்கு ஓமான் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1970களில் அந்தப் பக்கம் ஒரு நோய் தெரிய ஆரம்பித்தது. துடைப்ப நோய் என்கிறார்கள். ஒரு கிளையில் மட்டும் வெளிறிய குட்டி இலைகள் நெருக்கமாகக் கொத்துக் கொத்தாக முளைக்கும், அந்தக் கிளையில் முள் இருக்காது, பூ வராது, காய் வராது, பிறகு மரம் முழுக்கப் பரவும், சில வருஷத்தில் மரம் பட்டுப்போகும். காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்கிற கிருமி, பாக்டீரியா இனம்தான், ஆனால் செல்சுவர் இல்லாதது. பரப்புவது ஒரு தத்துப்பூச்சி. உனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நம் கத்தரியில் சிற்றிலை நோயைப் பரப்புகிறதே, அதே பூச்சி. நோய் கண்ட மரத்தைக் காப்பாற்ற வழியில்லை, வெட்டி எரிக்கத்தான் வேண்டும். லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. அமீரகத்துக்கும் ஈரானின் தெற்குப் பக்கத்துக்கும் பரவியது.

கூட வேலை பார்க்கிற ஒரு ஓமானியரின் அப்பாவுக்கு அதே பாத்தினாவில் சுவைக் என்கிற ஊர்ப் பக்கம் தோட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப் போனார். எலுமிச்சை இருந்த இடத்தில் இப்போது பேரீச்சையும் கால்நடைத் தீவனப் புல்லும்தான். கிணற்றடியில் புதிதாக வைத்த இரண்டு எலுமிச்சை நின்றது. அந்தப் பெரியவர் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கிளையாகத் தூக்கி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே கடையில் இப்போது வாங்குகிற லூமியில் நிறைய, மூட்டையில் குவாத்தமாலா என்று அச்சடித்து வருகிறது, ஏலக்காய் அனுப்புகிற அதே தூரதேசம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் இங்கிருந்து ஒரு கன்றோ, ஒட்டுக்குச்சியோ, ஒரு இலையோ கூட உன் தோப்புப் பக்கம் வரக் கூடாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் செடி கொண்டுவருவது சட்டப்படியும் தப்பு. உன் மரமும் இதே இனம்தான், வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. கன்று வாங்குவதானாலும் நம்பகமான நர்சரியில், தாய் மரத்தைப் பார்த்து வாங்கு. முள்ளில்லாமல் குட்டி இலை கொத்தாக முளைத்த கிளை எங்கேயாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே தோட்டக்கலைத் துறைக்குச் சொல்லிவிடு.

இதை விற்க முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். இப்போதைக்கு அந்த யோசனை வேண்டாம். இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரே அளவு, ஒரே நிறம், பூசணம் இல்லை என்கிற உறுதி எல்லாம் வேண்டும், அது கட்டிலில் காயப்போட்டு வருகிற காரியம் இல்லை, சோலார் உலர்த்தி போட்டு முறையாகச் செய்ய வேண்டியது. முதலில் வீட்டுக்குப் போடு. மதினியிடம் சொல்லி மீன் குழம்பில் ஒரு நாள் புளியைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒரு வத்தலைத் துளைபோட்டுப் போடச் சொல், பரிமாறும்முன் எடுத்துவிடட்டும், கடித்தால் ரொம்பக் கசக்கும். பிடித்திருந்தால் அடுத்த தையில் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம், அப்போது நானும் விடுமுறையில் அங்கே இருப்பேன், உலர்த்தி செய்கிற ஆளை இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம்.

போர்வெல் தண்ணீர் பற்றி நீ எழுதியதற்குப் பதில் அடுத்த கடிதத்தில். ஐயாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் சொல், செலவுக்கு நான் இருக்கிறேன், கூச்சப்படாதே. மதினிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

உன்,
ரூவிக்காரன்