பின் இருக்கையில் இருந்தவர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழைப் பல வருடங்களாக விடாமல் வாசிக்கிறவள் நான். பிரபலங்கள் கேனோவில், அதாவது ஒடுங்கிய நீளமான துடுப்புப் படகில், துடுப்புப் போடும் படங்களைச் சென்ற இதழில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நடிகரின் படத்துக்குக் கீழே ‘யார் துணையும் இல்லாமல் தனி ஆளாக ஏரியைக் கடக்கிறார்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர் தனியாகப் போகவில்லை, ஐயா. படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அவர் இருப்பது முன் இருக்கை. அந்த உடம்பு முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தால் படகின் முனை அமுங்கி, பின்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். உங்கள் படத்தில் படகு மட்டமாக மிதக்கிறது. இடது ஓரத்தில், நீங்கள் வெட்டிய இடத்தில், ஒரு துடுப்பின் நுனி மட்டும் தெரிகிறது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துடுப்பைப் பிடித்திருந்த ஆளை வெட்டிவிட்டுத்தான் ‘தனி ஆளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

இருவர் போகும் கேனோவில் திசை திருப்புகிறவர் பின்னால் இருப்பவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் இருப்பவர் தண்ணீரைத் தள்ளுகிறார், அவ்வளவுதான். ஒரு பக்கமாகவே துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பும். அதனால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறை துடுப்பை இழுத்து முடிக்கும்போதும், மேல் கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, துடுப்பைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். முன்னால் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. படகு நேராகப் போகிறது என்று மட்டும் நினைத்துக்கொள்வார். உங்கள் நடிகரோ இரண்டு கையாலும் துடுப்பின் நடுக்காம்பைப் பிடித்திருக்கிறார். ஒரு கை மேல் நுனியைப் பொத்திப் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த முதல் நாளே சொல்லிவிடுவோம். அப்படிப் பிடித்துக்கொண்டு ஒரு ஏரியைத் தனியாகக் கடக்க முடியாது.

நான் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பின் இருக்கைதான் என் இடம். ஒருமுறை ஊரறிந்த ஒருவரை உட்காரவைத்து, எதிர்க்காற்றில் மூச்சு வாங்க வாங்கக் கரை சேர்த்தேன். படம் வெளிவந்தபோது அதில் அவர் மட்டும்தான் இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் அதெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

இது ஒரு படத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியைப் பற்றி முன்பொரு கட்டுரை போட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்ட் 2 அன்று, அவருடைய பிடி-109 என்ற ரோந்துப் படகை ஜப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்ததும், அவர் காயம்பட்டவரை இழுத்துக்கொண்டு நீந்தியதும் அதில் விரிவாக இருந்தன. உயிர் தப்பிய 11 பேரையும் கண்டுபிடித்தவர்களுக்கு ‘உள்ளூர்வாசிகள் இருவர்’ என்று பாதி வரி. பியூக்கு காசா, ஈரோனி குமானா. சாலமன் தீவுக்காரர்கள். மரத்தைக் குடைந்து செய்த கேனோவில், ஜப்பானியர் நடமாடிய கடலைத் தாண்டி, கென்னடி செய்தி செதுக்கிக் கொடுத்த தேங்காயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். பிடிபட்டிருந்தால் அவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்? அந்தத் தேங்காய் ஓடு பிறகு வெள்ளை மாளிகை மேசை மேல் இருந்தது என்று எழுத உங்களுக்கு இடம் இருந்தது. அதைச் சுமந்தவர்களின் பெயருக்கு இல்லை.

எலிசபெத் ராணி 1982-ல் பசிபிக் தீவு நாடான துவாலு போனபோது அவரைக் கேனோவோடு தோளில் தூக்கிப் போனார்கள். அந்தப் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். ராணியின் தொப்பியைப் பற்றி எழுதியவர், கீழே சுமந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

பிரபலங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கனடாவின் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோ உண்மையாகவே துடுப்புப் பிடித்தவர். அரசியலுக்கு வருவதற்கு வெகு முன்பே, 1944-ல், கேனோப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். பிரதமரான பிறகு 1970-ல் கனடாவின் வடக்கே உள்ள நகன்னி ஆற்றுக்குப் போய்வந்தார். அந்த இடம் பிறகு தேசியப் பூங்காவாகக் காப்பாற்றப்பட்டது. தோல் சட்டையோடு அவர் கேனோவில் இருக்கும் படத்தைப் போட்டு ‘தனி ஆளாக’ என்று எழுதுங்கள், கைதட்டுகிறேன்.

அப்புறம் பெண்கள். நீங்கள் போட்ட படங்களில் பெண்கள் எல்லாரும் கையில் துடுப்பே இல்லாமல் நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்குக் கேனோப் போட்டி 1936-லேயே வந்துவிட்டது. பெண்கள் ஒற்றைத் துடுப்போடு போட்டியிட டோக்கியோ வரை, 2021 வரை, காத்திருந்தார்கள். அங்கே 19 வயது நெவின் ஹாரிசன் 200 மீட்டரில் ஒரு காலில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுத் தங்கம் வாங்கினார். அந்தப் படம் உங்களுக்குக் கிடைக்கவில்லையா?

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த நடிகர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. இந்த மாதிரிப் படங்களை போனில் காட்டி, ‘இதே போல எடுக்கணும், ஜாக்கெட் வேண்டாம்’ என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஒரு பையன் கரை தாண்டியதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் படத்துக்காக எழுந்து நின்றான். படகு ஒரே புரட்டாகப் புரண்டது. குளிர்ந்த தண்ணீரில் விழுந்த வேகத்தில் மூச்சை உள்ளே இழுத்து, தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிட்டான். அவனைப் படகின் மேல் கவிழ்த்துப் போட்டுக் கரைக்கு இழுத்து வந்ததை நான் மறக்கவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பையன் அவன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த இதழில், அந்தப் படத்தில் இருந்தவர்கள் இருவர் என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இனிமேல் இப்படிப் படம் போடும்போது பின் இருக்கையோடு சேர்த்துப் போடுங்கள். பக்கத்தில் இடம் இல்லை என்றால் அவர் பெயரையாவது போடுங்கள். படம் எடுத்தவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
துடுப்புப் படகுப் பயிற்சியாளர் ஒருவர்