அபிவிருத்திச் சங்கத்தில் யாரும் எடுக்காத பேச்சு

ஆசிரியருக்கு,

மகனுடைய பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் விளையாட்டுப் போட்டிப் பந்தலுக்கே போய்விட்டது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அம்மா, வீட்டிலை வைச்சுப் படிப்பியுங்கோ" என்றார் ஒரு நிர்வாகி.

மகன் தரம் 5. கடையில் மிச்சக் காசைக் கடைக்காரருக்கு முன்னமே சொல்லிவிடுவான். அதே கணக்கு வினாத்தாளில் நாலு வரியாக வந்தால், வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் இதற்குச் சோம்பல் என்று பெயர்!

அமெரிக்காவில் 'சார்ட்டர்' பாடசாலைகள் உண்டு. 1991இல் மினசோட்டா மாநிலம் இவற்றுக்கான முதற்சட்டத்தை இயற்றியது. அரசாங்கப் பணம், ஆனால் தனி நிர்வாக சபை. அவ்வளவு சுதந்திரம் இருந்தும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சட்டத்திலிருந்து அவை தப்ப முடியாது. கற்றல் குறைபாடு உறுதியான பிள்ளைக்குப் பெற்றோரையும் இருத்தி தனிக் கல்வித் திட்டம் எழுதவேண்டும். அங்கும் முறைப்பாடுகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு கடதாசி கையில் இருக்கிறது.

எங்கள் சங்கங்களும் தவணைக்கு ஒருமுறையாவது வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் போடலாமே. விசேட கல்வி ஆசிரியர் இல்லாத பாடசாலைகளுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது ஒருவர் வந்துபோக வலயக் கல்விப் பணிமனை ஒழுங்கு செய்யலாம். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்கலாம் என்பதை, விண்ணப்ப காலம் முடியுமுன் அதிபர்கள் பெற்றோருக்குச் சொல்லவேண்டும்.

ஒரு தாய்,
கோண்டாவில்.