புகார் கடிதம்: கைப்பேசிச் செயலி அழித்த தொண்டிக் கணக்கு

அனுப்புநர்:
மீன் கொள்முதல் வணிகர், பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கோப்பு ஒத்திசைவு மென்பொருளின் கைப்பேசிப் பதிப்பால் கணக்குத் தாள்கள் அழிந்தமை தொடர்பாக.

ஐயா,

ஒரு கருவியில் மாற்றிய கோப்பைப் பிற கருவிகளிலும் தானே மாற்றி ஒத்திசைக்கும் தங்கள் மென்பொருளை நான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டிக் கடைக் கணினியிலும் வீட்டு மடிக்கணினியிலும் பயன்படுத்தி வருகிறேன். கணவாயும் நண்டும் வாங்கி அனுப்பும் தொழில். மண்டபம், ஏர்வாடி, தொண்டி என ஊருக்கு ஒரு கோப்புறையும், அதனுள் படகுக்கு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். கைப்பேசிக்கு வரும் வரை ஒரு வரிகூடத் தவறியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கணினியில் உள்ள வசதி அனைத்தும் கைப்பேசியிலும் உண்டு என்று தாங்கள் அறிவித்ததை நம்பி, சென்ற மாதம் முதல் கரையில் எடை போட்ட கையோடு செயலியிலேயே பதியத் தொடங்கினேன். திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டால் ஒத்திசைவு நின்றுவிடுகிறது. மின்கலத்தைச் சேமிக்க ஆண்ட்ராய்டு பின்னணிச் செயலிகளை உறங்க வைக்கும் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததைப் பொறுக்க இயலவில்லை. கைப்பேசியில் ‘தொண்டி’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றின. பார்வைக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கணினித் துறையில் இருக்கும் என் தங்கை மகன் பார்த்துச் சொன்ன பிறகே விளங்கியது. கடைக் கணினியின் பழைய தட்டச்சுக் கருவி ‘தொ’ எழுதும்போது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுகிறது; கைப்பேசி விசைப்பலகையோ இரண்டையும் சேர்த்து ஒரே குறியீடாக இடுகிறது. எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் பொதுத்தரமான யூனிகோடு இவ்விரண்டு முறைகளையும் நிகரானவை என்றே கொள்கிறது. தங்கள் கணினி மென்பொருளும் அப்படியே கொண்டது. கைப்பேசிக்கு மாற்றி எழுதியவர்கள் அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டார்கள் போலும். பெயரில் ஒகரம் இல்லாத மண்டபமும் ஏர்வாடியும் தப்பின.

செயலி தனியாகக் கொண்ட இரண்டு கோப்புறைகளையும் கணினி ஒன்றாகக் கொண்டு, கைப்பேசியில் நான் புதிதாகத் தொடங்கிய தாள்களைப் பழையவற்றின் மேல் எழுதிவிட்டது. ஒரே கோப்பு இரண்டு இடங்களில் மாறியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் ‘முரண் பிரதி’ என்று சேர்ப்பதே தங்கள் மென்பொருளின் வழக்கம். இம்முறை அப்பிரதி இல்லை. ‘முடிந்தது’ என்ற பச்சைக் குறி மட்டும் இருந்தது. ஒரு படகின் தாளில் 18 வரிகள் இருந்த இடத்தில் 3 வரிகளே உள்ளன; முன்பணப் பத்தி வெறுமையாகக் கிடக்கிறது. இப்படி 11 படகுகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகு உரிமையாளர்களோடு முன்பணத்தை நேர்செய்வது என் வழக்கம். பச்சைக் குறியைக் காட்டி எவரிடமும் கணக்குத் தீர்க்க முடியாது.

தங்கள் பிரிவுக்கு மூன்று முறை எழுதியும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவச் சொன்ன பதிலே வந்தது. கோப்புறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கும்படியும் ஒருவர் அறிவுரை கூறினார். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதியது என் பிழை என்று ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை.

தங்கள் சந்தா விதிப்படி கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாட்களே தங்கள் வழங்கிக் கணினியில் இருக்கும். அதில் 19 நாட்கள் கழிந்துவிட்டன. எஞ்சிய நாட்களுக்குள் தொண்டிக் கோப்புறையை மீட்டுத் தருமாறும், பிழையைத் திருத்தும் வரை கைப்பேசிப் பதிப்பைக் கணினிப் பதிப்புக்கு நிகரானதாக விளம்பரம் செய்வதை நிறுத்துமாறும், இவ்வாண்டுச் சந்தாவைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ‘தொண்டி’களும் தெரியும் கைப்பேசித் திரைப்பிடிப்புகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
பாம்பன்.