டிஎஸ்எச் கூடினால் தைராய்டு குறைவு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹார்மோன்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். தைராய்டுக்கு நான்கே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் விட்டுப்போன ஒரு விஷயம் தெரியாததால்தான் எங்கள் அம்மா எட்டு மாதம் அவதிப்பட்டார்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்எச் (TSH) என்ற ஹார்மோன் 14 என்று போட்டு, பக்கத்தில் ‘அதிகம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சினையே டாக்டர் மாத்திரையாக எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா தாளைப் பார்த்துவிட்டு, “தைராய்டு ஏற்கெனவே ஜாஸ்தி, அதையே மாத்திரையா வேற போடணுமா?” என்று கேட்டார். அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது, நிறுத்திவிட்டார். முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லை. ரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்புறம் முகம் வீங்கியது, குரல் கம்மியது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, ‘இன்னும் சுரந்து கொடு’ என்று தைராய்டுக்கு அனுப்பும் ஹார்மோன் அது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால் சத்தத்தைக் கூட்டுவோமே, அதுபோல தைராக்சின் குறையக் குறைய டிஎஸ்எச் ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டிஎஸ்எச் இறங்கிவிடும்.

மறுபடி மாத்திரை தொடங்கியும் எண் சரியாக இறங்கவில்லை. “எதோட போடுறீங்கம்மா?” என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலைக் காபியோடு, கூடவே கால்சியம் மாத்திரை! வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டுமாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அப்படி மாற்றி ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 3.8. வழக்கமான அளவுக்குள் வந்துவிட்டது.

கருவுற்ற பெண்கள் இப்படி யார் பேச்சையோ கேட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. முதல் மூன்று மாதம் வயிற்றில் உள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினை விட்டால் வேறு வழியில்லை.

பரிசோதனைக் கூடங்கள் அந்தத் தாளின் அடியில், ‘டிஎஸ்எச் கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று பொருள், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று தமிழில் ஒரு வரி அச்சிட வேண்டும். நீங்களும் இதை வலியுறுத்தி எழுதுங்கள்.

— ஒரு வாசகி, கோவில்பட்டி