எரிவாயுக் கணப்பின் சுவிச்சை மாற்றுவதற்கு முன்: ரொறன்ரோ பெரும்பாகத் தமிழ் வீட்டுரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் நம்மவர்கள் வாங்கியுள்ள வீடுகள் பலவற்றில் எரிவாயுக் கணப்பு ஒன்று வீட்டோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதன் பழைய சுவர்ச் சுவிச்சைக் கழற்றிவிட்டு ரிமோட்டையோ கைபேசியால் இயங்கும் சுவிச்சையோ பொருத்த இப்போது பலரும் விரும்புகிறீர்கள். அந்த விருப்பத்தில் தவறில்லை. சுவிச்சுக்குப் பின்னால் இருப்பது எந்த வகை இயக்கம் என்று அறியாமல் அதில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

பழைய கணப்புகளில் பெரும்பாலானவை மில்லிவோல்ட் முறையில் இயங்குபவை. உள்ளே பைலட் எனப்படும் சிறு சுடர் ஒன்று ஓயாமல் எரியும். அதன் வெப்பத்தைக் கொண்டு தெர்மோபைல் என்ற சிறு கருவி அரை வோல்ட் முதல் முக்கால் வோல்ட் வரை உண்டாக்கும். அந்தச் சிறிதளவு மின்சாரம்தான் சுவர்ச் சுவிச் வழியாகச் சென்று வால்வைத் திறக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் பார்வைக்கு விளக்குச் சுவிச்சைப் போலவே இருப்பதால், அந்த இடத்தில் 120 வோல்ட்டுக்கான நவீன சுவிச்சைப் பொருத்துகிறார்கள். அது உயிர்பெறாதபோது, பக்கத்துப் பெட்டியிலிருந்து மின்கம்பியை இழுத்து இணைத்துவிடுகிறார்கள். வால்வின் சுருள் கருகிப்போக அது ஒன்றே போதும். எரிவாயுவைத் திறந்து மூடும் உறுப்பு பழுதாவதை வெறும் செலவுக் கணக்காக என்னால் பார்க்க முடியாது. இவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தரம் குறைந்த சுவிச், நீளமான மெல்லிய கம்பி, தளர்ந்த இணைப்பு ஆகியவையே அந்த அரை வோல்ட்டைத் தின்றுவிடும். பைலட் எரியும், பெரிய சுடர் வராது.

மின்தடையின்போது இந்தப் பழைய முறையின் அருமை தெரியும். 2013 டிசம்பரில் உறைமழைப் புயல் வீசியபோது ரொறன்ரோவில் சுமார் 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வீடு முழுவதையும் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸும் காற்றாடிக்கு மின்சாரம் இல்லாமல் நின்றுவிடும். குளிர் தாங்காமல் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். மில்லிவோல்ட் கணப்போ மின்சாரமே இல்லாமல் எரியக்கூடியது. மின்பொறியால் சுடரைப் பற்றவைக்கும் புதிய கணப்புகள் பலவற்றிலும் இதற்கென்றே பற்றரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டை மாற்றும்போது இந்த வசதியை இழந்துவிடாதீர்கள். இணையமும் வீட்டு மின்சாரமும் இருந்தால் மட்டுமே இயங்கும் சுவிச்சை அதில் பொருத்துவது, ஜனவரி மாதத்தில் வீட்டின் கடைசி வெப்பத்தையும் நாமே பூட்டிவைப்பதாகும்.

வெளியிலிருந்து கைபேசியில் கணப்பை மூட்டும் வசதியை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. எரியும் கணப்பின் முன்கண்ணாடி சில விநாடித் தொடுகையிலேயே சிறு பிள்ளையின் கையைச் சுட்டுவிடும். 2015 முதல் தயாரானவற்றில் அளவுக்கு மீறிச் சூடாகும் கண்ணாடிக்கு முன் தடுப்பு வலை கட்டாயமானது; அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலும் அது இல்லை. நம் வீடுகளில் பகல் முழுவதும் பேரப்பிள்ளைகளோடு இருப்பவர்கள் அம்மம்மாவும் அப்பப்பாவுமே. அவர்கள் அறியாமல் நெருப்பு மூளக்கூடாது. அணைக்க விரும்பினால் ரிமோட்டைத் தேடி அலையவும் கூடாது. எனவே கையால் அணைக்கும் வழி ஒன்றை அவர்களுக்கு எட்டும் இடத்தில் வைத்து, இயக்கியும் காட்டுங்கள்.

வால்வு, பைலட், எரிவாயுக் குழாய் ஆகியவற்றைத் தொடும் வேலை, ஒன்ராறியோ சட்டப்படி, சான்றிதழ் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பருக்கே உரியது. உறவினர், நண்பர், "எல்லாம் செய்வார்" என்று பெயர் பெற்றவர் எவரானாலும் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அவமதிப்பு ஏதுமில்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர், கணப்பின் புகைவழி அடைபட்டதால் வீட்டுக்குள் திரும்பிய கார்பன் மொனொக்சைட்டுக்குப் பலியானார்கள். வீடுகளில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் பெயரையே தாங்கியிருக்கிறது. சுவிச்சை மாற்ற வருபவரிடம் புகைவழியையும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி இயங்குகிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் கணப்பின் கீழ்ப்பலகையைத் திறந்து, அங்குள்ள உலோகத் தகட்டில் மாதிரி எண்ணைப் பாருங்கள். அந்த மாதிரிக்கான கையேட்டில் தயாரிப்பாளர் அனுமதித்த ரிமோட்டையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டையும் மட்டுமே தெரிவு செய்யுங்கள். வேலை முடிந்ததும் சுவிச்சுப் பெட்டியின் உள்ளே, "கணப்புக்கு மட்டும், 120 வோல்ட் இணைக்கக்கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வீட்டை நாளை விற்றாலும், அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒன்ராறியோவில் பணிபுரியும் எரிவாயுத் தொழில்நுட்பர் ஒருவர்