முதலில் நன்றாகத் தூங்கு, மகளே

அன்பு மகளுக்கு,

"நான் எதுக்கும் லாயக்கில்லம்மா" என்று நேற்று போனில் சொன்னாய். திரும்ப போனில் பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபமில்லை, கவலைதான்.

பாடசாலை விட்டதும் டியூஷன், அப்புறம் இரவு ஒரு மணி வரை உயர்தரப் பரீட்சைக்குப் பாஸ்ட் பேப்பர், ஐந்து மணிக்கு எழும்புகிறாய். புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது, படித்தது எதுவும் நிற்கவில்லை என்கிறாய். அது சோம்பல் இல்லை மகளே. உன் வயதுப் பிள்ளைக்கு இரவில் எட்டு முதல் பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும். உனக்குக் கிடைப்பது அதில் பாதி. அப்படியிருக்கப் படித்தது எப்படித் தங்கும்?

பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற அந்த இசட் புள்ளியைப் பற்றி உன் சேரிடம் விசாரித்தேன். அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியிலிருந்து உன் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது, அவ்வளவைத்தான் அது சொல்லுமாம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நம் நுவரெலியாவும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் எந்த நிலைமையில் படிக்கிறார்கள் என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாமல்தானே உன்னை ஹட்டன் போர்டிங்கில் விட்டோம்? அங்கே போய் நீ படித்துக்கொண்டிருப்பதே எனக்குப் பெருமை.

தேயிலை மலையில் பறித்த கிலோ குறைந்தால் எனக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம்தான். வெயில் காலத்தில் கொழுந்தே வராது, நான் என்ன செய்ய? அரைப்பேர் விழுந்த நாட்களில் நான் உனக்கு அரை அம்மாவாகவா இருந்தேன்?

நம் லயத்து வீடுகளில் எல்லாரும் உன்னை டாக்டர் பிள்ளை என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் ஒரு லயத்தின் ஆசை முழுவதையும் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றுவது சரியில்லை. அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகம் போக உயர்தரம் மூன்று முறை எழுதலாம். இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் எழுது. டாக்டர் படிப்பே வேண்டாம் என்றாலும் சரி. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து டீச்சரானவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். உனக்குப் பிடித்தது வேறு ஏதாவது என்றால் அதையும் கேட்போம்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காதே. கேட்டுப் பயந்துவிடுவேன் என்று நினைத்து என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. நடு இரவானாலும் போன் எடு. என்னிடம் சொல்ல முடியாவிட்டால் 1926க்கு எடு. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் பேசலாம். பாடசாலையில் ஆலோசனை டீச்சரும் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போர்டிங்குக்கு வருவார். உடுப்புகளை எடுத்துக்கொண்டு அவரோடு வா, ஒரு வாரம் வீட்டில் கிட. புத்தகம் எதுவும் கொண்டுவராதே. வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா